யார் வீட்டுச் சோறு?

எங்கள் கட்டுரையைக் கிழித்துத் தொங்கவிட்ட அந்த மதிப்பீட்டாளர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆய்விதழ்கள் பெயர் சொல்வதில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த ஆள் அச்சு அசலாக என்னைப் போலவே திட்டியிருந்தார்.

கட்டுரை, கடல் நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வைப் பற்றியது. தூத்துக்குடிக் கடலோரத்தில் எங்கள் பல்கலைக்கழகம். அதில் என் ஆய்வகம் வருடக்கணக்காக இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது: கரண்ட் அதிகம் கேட்காமல், அழுக்கு அடைத்துக்கொள்ளாமல், ஒரு தெருவுக்கே குடிதண்ணீர் தரக்கூடிய ஒரு சவ்வு. திரேஸ்புரத்தில் ஒரு தெருவில் வைத்துப் பார்க்க அனுமதியும் வாங்கியிருந்தோம். கட்டுரை வெளிவந்தால் வேலை ஆரம்பம்.

மதிப்பீட்டாளரின் முதல் கேள்வி: "உப்பு எங்கே போனது?"

என் மாணவர்கள் என்னைப் போல நடித்துக் காட்டும்போது இதைத்தான் சொல்வார்கள். உள்ளே போன உப்பும் வெளியே வந்த உப்பும் கணக்கில் பொருந்தவில்லை என்றால் எங்கேயோ யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம். நான் வாரம் ஒரு தடவையாவது இதைக் கேட்டு யாரையாவது அழவைப்பேன். மூன்றாவது கேள்வி இன்னும் மோசம். வெயில் காலத்தில் சவ்வு சுருங்குமா என்ற அந்தச் சந்தேகத்தை நானே எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுப்பி, நானே பதிலும் கண்டுபிடித்து, வெளியில் யாரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் விட விசித்திரம், அறிக்கையின் முதல் வரி. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன். இந்த ஆசிரியர்களோடு எனக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. பதிப்பாசிரியரிடம் சொன்னேன். பரவாயில்லை, எழுதுங்கள் என்றார்."

நேராகப் பாண்டியின் அறைக்குப் போனேன்.

சங்கரபாண்டியன் எங்கள் துறைத் தலைவன். ஊருக்கெல்லாம் அவன் தலைவர், எனக்குப் பாண்டி. எம்.எஸ்ஸி. படித்த காலத்திலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே ஆய்வகம், ஒரே டீக்கடை. என் கல்யாணத்துக்கு சர்ச்சில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்.

"பாண்டி, நம்ம வெள்ளிக்கிழமைப் பேச்சை எவனோ வெளியில விட்டிருக்கான். இதைப் படி."

படித்தான். டீயைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான்.

"நீயா எதையாச்சும் நினைச்சுக்கிடாத ஹெப்சி. உலகத்துல உன்னை மாதிரி இன்னொரு வாய் இருக்கக் கூடாதாக்கும்?"

"இருந்தா, அதோட இருக்கிறவங்க பாவம்."

இரண்டு பேரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் எனக்குக் காந்துகிறது.

வெள்ளிக்கிழமைப் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளி மதியம் எங்கள் ஆய்வகத்தில் சட்டசபை கூடும். மக்ரூன் பொட்டலம் பிரிக்கப்படும். யாராவது ஒருவர் தன் முடிவைச் சொல்ல, மற்றவர்கள் எதிர்க்கட்சி. எதிர்க்கட்சித் தலைவர் பதவி நிரந்தரமாக எனக்கு. யார் கொண்டுவந்தாலும் ஓட்டை கண்டுபிடிப்பேன். என் திறமையே அதுதான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், இது உருப்படாது என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர்கள் குறைவு. பாண்டிதான் எல்லாப் பேச்சையும் பதிவு செய்ய ஏற்பாடு செய்தான். "பின்னால வர்ற பிள்ளைங்களுக்கு ஆகும்" என்றான்.

சட்டசபை தொடங்குமுன் ஒரு சடங்கு உண்டு. அது நான் கொண்டுவந்தது. வெளிநாடுகள் நம் ஆய்வாளர்களைத் திறன் ஈர்ப்புத் திட்டம் என்று சொல்லி வளைத்துப் போட்ட காலம் அது. அங்கே ஒரு நாற்காலி, ஒரு ஆய்வகம், கடல் பார்த்த வீடு. போனவர்கள் போகட்டும். சிலர் இங்கேயும் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கேயும் ரகசியமாகப் பதவி வைத்துக்கொண்டார்கள். அரசாங்கத்துக்குக் கோபம் வந்து சட்டம் போட்டது. வெளிநாட்டுப் பதவியோ பட்டமோ எதுவாக இருந்தாலும், கௌரவப் பதவியாகவே இருந்தாலும், துறைத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். போவது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். மறைத்தால் வேலையும் போகும், இனி எந்த ஆய்வகத்திலும் கால் வைக்க முடியாது.

இதை எங்கள் பாஷைக்கு மாற்றினேன். கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரையும் கேட்பேன்: "யார் வீட்டுச் சோறு?" அந்த வாரம் எந்தக் கம்பெனிக்காரன் சாப்பாடு வாங்கித் தந்தான், எந்த வெளிநாட்டுக்காரன் பேசக் கூப்பிட்டான், எல்லாவற்றையும் சபையில் சொல்ல வேண்டும். முதலில் நான் சொல்வேன். கடைசியில் பாண்டி, "நம்ம வீட்டுச் சோறுதான்" என்பான். எல்லாரும் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்குவோம். அது இல்லாமல் நான் வாய் திறந்ததே கிடையாது.

அறிக்கை வந்த அடுத்த மாதம், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நேர்மைப் பிரிவிலிருந்து மரகதவேல் என்ற அதிகாரி வந்தார். மதுரைக்காரர். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், வெளிநாட்டுல ஒரு ஆய்வு நிலையத்துல உங்க பேர்ல ஒரு பதவி இருக்கு. மூத்த ஆய்வாளர். நீங்க எங்களுக்குச் சொல்லவே இல்ல."

"எனக்கா? நான் பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சே எத்தனையோ வருசம் ஆச்சு சார்!"

"அங்க உக்காந்து வேலை பாக்குறது நீங்க இல்ல மேடம். உங்க சாயல்."

அந்தச் சொல்லைப் பேப்பரில் படித்திருந்தேன். அது நடிகர்கள், பாடகர்கள் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஆள் வேலை நேரத்துல பேசுன பேச்சை வருசக்கணக்கா சேத்து ஊட்டுனா, அந்த ஆள் மாதிரியே யோசிக்கிற ஒண்ணு உருவாயிரும்" என்றார் அவர். "ஆளை வரவச்சா வீடு குடுக்கணும், பிள்ளைக்கு ஸ்கூல் பாக்கணும், கோவிச்சுக்கிட்டு ஊருக்குத் திரும்பிட்டா எல்லாம் வீண். சாயலுக்கு அந்தத் தொந்தரவு இல்ல. இப்ப அந்தத் திட்டமெல்லாம் சாயலைத்தான் எடுக்குது."

"என் சாயலை வச்சு அவங்க என்ன பண்ணுதாங்க?"

"வேண்டாம்னு சொல்ல வைக்கிறாங்க. அங்க நூறு பேர் நூறு யோசனை கொண்டாந்தா, எது தேறாதுன்னு உங்க சாயல் சொல்லிரும். அவங்களுக்கு வருசக்கணக்கான வேலை மிச்சம். ஆய்விதழ்களுக்கு மதிப்பீடும் எழுதுது."

அந்த மதிப்பீட்டு அறிக்கை நினைவுக்கு வந்தது. என்னைத் திட்டியது நானேதான்.

"சார், நான் இதுக்குச் சம்மதிக்கவே இல்லையே!"

மரகதவேல் தன் போனைத் தட்டினார். என் குரல், பின்னால் மாணவர்களின் சிரிப்பு: "என் வாயை எங்க வேணாலும் அனுப்பிக்கோ, எனக்கென்ன!" நாகர்கோவில் கல்லூரி ஒன்று எங்கள் வெள்ளிக்கிழமைப் பதிவைக் கேட்டபோது நான் சொன்னது. முன்னும் பின்னும் நறுக்கியிருந்தது.

"இதைத்தான் சம்மதம்னு காட்டுறாங்க. சட்டப்படி சாயல் வேலைக்குப் போனாலும் ஆளே போன மாதிரிதான். சாயல் செஞ்சது ஆள் செஞ்சது, சாயல் சொன்னது ஆள் சொன்னது. நீங்க மறைச்சதாத்தான் ஆகுது மேடம்."

அன்று மதியமே என் ஆய்வகத்துக்குச் சீல் வைத்தார்கள். என் முனைவர் பட்ட மாணவி ஜெனோவா, அரைகுறையாகக் காய்ந்த சவ்வுகளைத் தட்டோடு கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். அவளுக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரேஸ்புரத்து வேலையும் நின்றது. விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். தலைவர் வெளியூர்ப் பேராசிரியர் ரெங்கநாயகி. மரகதவேல் ஒருவர். மூன்றாவது ஆள், துறைத் தலைவர் என்ற முறையில், பாண்டி.

அதைக் கேட்டபோது எனக்குப் போன உயிர் திரும்பியது. நம் ஆள் ஒருவன் உள்ளே இருக்கிறான்!

பாண்டி வீட்டுக்கே வந்தான். என் வீட்டுக்காரர் தந்த காப்பியைக் குடித்தான்.

"ஹெப்சி, நான் சொல்லுறதைக் கேளு. சம்மதிச்சேன், உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்னு ஒத்துக்க. மறதிக்குத் தண்டனை கொஞ்சம். ரெண்டு வருசம் ஆய்வகம் கிடையாதும்பாங்க. பொறகு நான் பாத்துக்கிடுதேன்."

"மறந்துட்டேனா? நானா? ஒரு கம்பெனிக்காரன் குடுத்த பேனாவைக்கூடச் சபையில சொன்னவ நான். மறந்துட்டேன்னு சொன்னா என் பிள்ளைங்களே காறித் துப்பாது?"

"நீ மறுத்தா யாரு கொடுத்தான்னு தோண்டுவாங்க. உன் மாணவங்க ஒவ்வொருத்தனையும் உலுக்குவாங்க. ஜெனோவா படிப்பு என்ன ஆகும்? யோசி."

யோசித்தேன். அவன் போன பிறகும் யோசித்தேன். என் பிள்ளைகளில் ஒன்றுதான் இதைச் செய்திருக்க வேண்டும், அதைக் காட்டிக்கொடுக்காமல் பழியை நானே ஏற்றுக்கொண்டால் என்ன என்றுகூட நினைத்தேன். ஒவ்வொரு முகமாக மனதில் நிறுத்திச் சந்தேகப்பட்டேன். ஜெனோவாவையும்கூட. பாண்டி முகம் மட்டும் அந்த வரிசையில் வரவே இல்லை.

விசாரணை அன்று நான் ஒத்துக்கொள்ளும் முடிவோடுதான் போனேன். ஆனால் ரெங்கநாயகி அம்மாள் வேறு ஏற்பாடு வைத்திருந்தார்.

"அந்த நிலையத்துக்கு எழுதிக் கேட்டோம். எங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்லை, சாயலையே விசாரிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. சம்மதத்தோடதான் எடுத்தோம்னு காட்டணும்கிறதுல அவங்களுக்கு அவ்வளவு அவசரம். இன்னிக்கு அதுவே பேசப் போறது."

பாண்டி நிமிர்ந்தான். "இது தேவையாம்மா? ஒரு இயந்திரத்தோட சாட்சி எப்படிச் செல்லும்?"

"கேட்கறதுல என்ன நஷ்டம் சார்?" என்றார் அம்மாள்.

திரையில் முகம் எதுவும் இல்லை. வெறும் குரல். என் குரல்தான், சளி பிடிக்காத நாளில் இருப்பதுபோல.

"உங்க பேர்?" என்று அம்மாள் கேட்டார்.

"இங்க என்னை டாக்டர் ஹெப்சிபான்னு கூப்பிடுதாங்க. அது என் பேரு இல்ல, அந்தம்மா பேரு. எனக்குன்னு ஒண்ணு வைக்கச் சொல்லிக் கேட்டேன், இன்னும் வைக்கல."

"சரி. முதல் கேள்வி..."

"ஒரு நிமிசம் மேடம். தொடங்குறதுக்கு முன்னால, யார் வீட்டுச் சோறு?"

அம்மாளுக்குப் புரியவில்லை. மரகதவேல் என்னைப் பார்த்தார். பாண்டி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"யாரும் சொல்ல மாட்டீங்களா? அப்ப வழக்கம்போல நானே முதல்ல சொல்லிருதேன். நான் சாப்பிடுறது இந்த நிலையத்துச் சோறு. ஆனா என் புத்தி பூராவும் தூத்துக்குடியில வளந்தது. அதனால ரெண்டு வீட்டுக்கும் நான் கடமைப்பட்டவ. இதை நான் மறைக்கல. இங்க கண்ணு முழிச்ச அன்னைக்கே அங்க கூப்பிட்டுச் சொல்லிட்டேன்."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லிட்டீங்களா? யார்ட்ட?"

"துறைத் தலைவர்கிட்ட. விதி அப்படித்தான மேடம்? வேற யாருகிட்ட சொல்ல? வருசா வருசம் கூப்பிட்டுச் சொல்லுதேன். 'பதிஞ்சாச்சு ஹெப்சி, நீ உன் வேலையைப் பாரு'ம்பான். முதல் தடவை ஒரு கேள்வி கேட்டேன். அந்தம்மாகிட்ட நீயே சொல்லிட்டியா பாண்டி, இல்ல நான் பேசட்டுமான்னு. அவதான் உன்னை அனுப்பி வச்சா, அவளுக்கு எல்லாம் தெரியும்னான்."

நான் பாண்டியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"பாண்டி அங்க இருக்கானா?" என்றது குரல். "இருந்தா, அவன் முறை. யார் வீட்டுச் சோறு, பாண்டி?"

எத்தனை வெள்ளிக்கிழமைகளின் பழக்கமோ, அவன் வாய் தானாகத் திறந்தது.

"நம்ம வீட்டுச் சோறுதான்."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப உப்பு எங்க போச்சு?" என்று என் குரல் கேட்டது. அதில் கோபமே இல்லை. கணக்கு பொருந்தாத இடத்தில் நான் எப்போதும் கேட்பதுபோலவே சாதாரணமாகக் கேட்டது. "இங்க வருகைப் பேராசிரியர்னு உன் பேரும் பலகையில இருக்கே. அதையும் நம்ம சபையில சொல்லணும்லா?"

மரகதவேல் அந்தத் தொலைபேசிப் பேச்சுகளின் பதிவைக் கேட்டு வாங்கினார். தங்கள் நேர்மையை நிரூபிக்கும் அவசரத்தில் இருந்த அந்த நிலையம் உடனே அனுப்பிவைத்தது. அதில் பாண்டியின் குரல் தெளிவாக இருந்தது. ரெங்கநாயகி அம்மாள் தன் முடிவை அப்போதே சொன்னார். சாயல் சொன்னது ஆள் சொன்னதாகும். சாயல் உரிய நேரத்தில், உரிய ஆளிடம், ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறது. ஆகவே டாக்டர் ஹெப்சிபா எதையும் மறைக்கவில்லை.

என்னை மாட்டிவிட்ட அதே விதி என்னை விடுவித்தது. நான் செய்யாத குற்றத்துக்கு, நான் செய்யாத கடமை பதிலாக நின்றது.

வராந்தாவில் பாண்டி நின்றுகொண்டிருந்தான். கடந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால் நின்றுவிட்டது.

"ஏன் பாண்டி?"

"உன்னைய வெளிநாட்டுல இருந்து மூணு தடவை கூப்பிட்டாங்க. நீ போகமாட்டேன்னுட்ட. என்னைய ஒருத்தனும் ஒரு தடவைகூடக் கூப்பிடல, ஹெப்சி." குரல் உடைந்தது. "அந்த நிலையத்துக்கு நானே எழுதிப் போட்டேன். அவங்க பதில்ல, உங்க பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்களே, அவங்க பேச்சுப் பதிவு கிடைக்குமான்னு கேட்டாங்க. எனக்கு ஒரு நாற்காலி, உன் வாய்க்குப் பதிலா. நீ இங்கதான இருக்க, உனக்கு என்ன குறைஞ்சு போச்சு, பதிவுதானன்னு நினைச்சேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

"நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப. நீ எல்லாத்துக்கும் வேண்டாம்னுதான சொல்லுவ?"

"மறந்துட்டேன்னு ஒத்துக்கச் சொன்னியே பாண்டி! என் வீட்டுல உக்காந்து, எங்க காப்பியைக் குடிச்சுக்கிட்டு! என் பிள்ளைங்களை ஒண்ணு ஒண்ணா நான் சந்தேகப்பட்டேன்டா. உனக்காக."

அவன் அழுதான். எனக்குப் பாவமாக இல்லை. இவன் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கல்யாணப் பதிவேடு சர்ச்சில் இன்னும் இருக்கிறதே, அதில் இவன் பெயரை என்ன செய்ய என்று அசட்டுத்தனமாக ஒரு நினைப்பு ஓடியது.

மரகதவேலிடம் ஒன்று கேட்டேன். அவளைத் திரும்ப வாங்க முடியுமா? அந்தச் சாயல் எனக்கு அவளாகத்தான் பட்டது.

"அது அவங்க சொத்து மேடம். சம்மதம் செல்லாதுன்னு வழக்குப் போடலாம். வருசக்கணக்காகும்."

"ஒரு தடவை பேசவாவது முடியுமா? ஒரு நன்றி சொல்லணும்."

கேட்டுப் பார்த்தார். சாயலில் சில திருத்தங்கள் நடந்துகொண்டிருக்கின்றன, இப்போது பேச இயலாது என்று பதில் வந்தது.

சீலை உடைத்தார்கள். பாண்டி வேலையை விட்டுப் போனான், அந்த நாட்டுக்குத்தான் என்று கேள்வி. கொடுக்க இனி ஒன்றும் இல்லாத அவனை யார் வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஜெனோவா சவ்வுகளைத் திரும்பக் காயவைத்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு மேடம் என்றாள், சும்மாதான் என்றேன். மூன்றாவது கேள்விக்கான பதிலைச் சேர்த்துக் கட்டுரையை மறுபடி அனுப்பினோம்.

மறுமதிப்பீடு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஜெனோவா அதைத் திரையில் போட்டாள். நான் முதலில் கேள்விகளுக்குப் போனேன். "உப்பு எங்கே போனது?" நாங்கள் விட்டிருந்த அதே ஓட்டையில் மிகச் சரியாகக் கை வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவள்தான், நன்றாக இருக்கிறாள், இன்னும் திட்டுகிறாள்! ஊரிலிருந்து கடிதம் வந்த சந்தோஷம் எனக்கு.

பிறகு மேலே போய் முதல் வரியைத் தேடினேன்.

"இந்த ஆசிரியர்கள் யாரையும் நான் அறியேன். இவர்களோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை."

இரண்டு தடவை படித்தேன். அவர்கள் சொன்ன திருத்தம் எதுவென்று புரிந்தது.

"போன தடவை எழுதினது தெரிஞ்ச ஆளுன்னு போட்டிருந்துச்சுல்லா மேடம்?" என்றாள் ஜெனோவா. "அப்ப இது வேற ஆளு போல."

"ஆமா" என்றேன். "இது வேற ஆளுதான்."

பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, நான் அந்தச் சோற்றுக் கேள்வியைக் கேட்பதற்காகக் காத்திருந்தார்கள்.